குளத்துச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்து உறுப்பினர்களே, சந்தா கட்டாவிட்டாலும் வருஷா வருஷம் வந்து கேள்வி கேட்கிற அண்ணாச்சிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை நட்ட மரக்கன்று இத்தனை, பொறுக்கிய பிளாஸ்டிக் இத்தனை மூடை என்று தொடங்கும். நீங்களும் கை தட்டுவீர்கள். இந்த வருஷம் அப்படித் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. போன ஆவணியில் நாமே கூடி நின்று செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போக முடியும். நிர்வாகக் குழுவில் அதைக் கடைசியில் வைக்கச் சொன்னார்கள். கடைசியில் வைத்தால் அதற்குள் டீ வந்துவிடும் என்பதால் முதலிலேயே வைக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. நம் பெரியகுளத்தில் உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் தாங்காமல் தெற்குக்கரை உடைந்து, மழைக்காலத்துப் பிசான நெல் பாதி மணலுக்கடியில் போனது. அந்தப் பயத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சு, “குளத்தைத் தோண்டணும்.” கடைமடைக் குளம் நம்முடையது. ஆனியில் தொடங்குகிற கார் பருவத்துத் தண்ணீர் இங்கே வந்து சேர்ந்தால் அது அதிசயம். கோடையில் காய்ந்து கிடக்கிற குளத்தில் பத்தடி ஆழம் கூடினால் என்ன கெட்டுப்போகும் என்றுதான் நானும் நினைத்தேன். 2024 கோடையில் அரசு விதியைத் தளர்த்தி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் குளத்து வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்றது. கேட்க வேண்டுமா? ஆடி பிறந்ததும் மனு எழுதிக் கொடுத்தது நான்தான். கையெழுத்து என்னுடையது.

ஆவணி முதல் வாரம் கூட்டம் போட்டோம். சீமை உடையை, அதாவது சீமைக் கருவேலத்தை, வேரோடு பிடுங்குவது, குளத்தின் உட்பரப்பான உள்வாயை ஒரே மட்டமாக ஆழப்படுத்துவது, கரையோரத்தைச் செங்குத்தாகச் செதுக்குவது என்று மூன்று தீர்மானம். கை தூக்காதவர் ஒரே ஒருவர். நாற்பது வருஷமாக நமக்கு நீர்பாய்ச்சியாக இருந்த தாத்தாதான் அவர். “ஏலே மக்கா, கெழக்க இருக்க மேட்டத் தொடாதிய. அது குஞ்சு மேயுத எடம்லா” என்றார். யாரோ சிரித்தார்கள். “தாத்தாவுக்குக் கொக்குக் கறி ஞாபகம் வந்துட்டு” என்றும் ஒரு சத்தம் வந்தது. கூட்டக் குறிப்பில் நான் அவர் சொன்னதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஜேசிபி பதினாறு மணி நேரம் ஓடியது. சீமை உடையைப் பிடுங்கச் சொன்னோம். ஓட்டுகிற தம்பிக்கு எல்லாம் முள்மரம்தான். 1980களில் சமூகக்காடு வளர்ப்புத் திட்டத்தில் உள்வாயில் நட்ட நாட்டுக்கருவேல் நம் குளத்தில் ஒரு தோப்பாக நின்றது. தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்குமே, அந்தத் தோப்பு. அதில் முக்கால்வாசியும் அதே வேகத்தில் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கிளைகளில் போன வருஷத்துப் பழைய கூடுகள் அப்படியே இருந்தன. ஒரு கூட்டில் சுள்ளியோடு சுள்ளியாக நீலக்கலர் நைலான் வலைத்துண்டு ஒன்று செருகியிருந்தது. அந்தக் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. குளம் நிரம்பி மறுகால் போயிற்று. தோண்டியதால் தண்ணீர் கூடுதலாகத் தங்கியது உண்மை. பம்புசெட் வைக்காமல் பிசானம் கரையேறியதும் உண்மை. அதை மறைத்தால் அறிக்கை பொய்யாகிவிடும். ஆனால் மார்கழி கடைசியில் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்தன. இரண்டு நாள் கரைமேல் வரிசையாக நின்றன. மூன்றாம் நாள் காலையில் ஒன்றுகூட இல்லை. வக்காவும் பாம்புத்தாராவும் இறங்கவே இல்லை. போன வருஷம் தை மாசம் ராத்திரியில் தோப்பிலிருந்து வருகிற குஞ்சுகளின் இரைச்சலில் கரையடித் தெருக்காரர்கள் தூக்கம் கெட்டது என்று என்னிடம் புகார் சொன்னார்கள். இந்தத் தையில் அந்தத் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அதே வீட்டுக்காரர் ஒருவர் வந்து, “என்ன அண்ணாச்சி, வெறிச்சுன்னு கெடக்கு?” என்று கேட்டார்.

ஏன் போயின என்பதைப் பிறகு விசாரித்தும் படித்தும் கொஞ்சம் புரிந்துகொண்டோம். மஞ்சள்மூக்கு நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிக்கிற பறவை அல்ல. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே நடக்கும். அலகில் மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். அதற்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். அதற்குமேல் இருந்தால் அதனால் நடக்க முடியாது. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் இந்த ரகம். உள்ளானுக்குக் கணுக்கால் அளவுச் சேறு போதும். தை, மாசி, பங்குனி என்று தண்ணீர் இறங்க இறங்க, சரிவான கரையில் வாரத்துக்கு ஒரு முழம் புதுச்சேறு தெரியும். அதில் நத்தையும் மீன்குஞ்சும் தவளையும் ஒதுங்கும். குஞ்சு பொரித்து இரை தேடுகிற மாசங்களில் பறவைகளுக்கு அதுதான் சோறு. நாம் கரையைச் செங்குத்தாகச் செதுக்கி, உள்வாயை மட்டமாக்கிக் குளத்தை ஒரு தொட்டியாக்கிவிட்டோம். தொட்டியில் தண்ணீர் நிற்கும். சோறு கிடைக்காது. மரம் போனது இன்னொரு பக்கம். தண்ணீருக்குள் நிற்கிற மரத்தில் கூடு கட்டினால் பூனையும் நாயும் வராது. அந்தக் காவலுக்காகத்தான் அவை கருவேலைத் தேடி வந்தன.

தாத்தா சொன்னது இதைத்தான். ஒரு வரியில் சொல்லிவிட்டார், நாம் ஆறு மாசம் படித்துத் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்றும் நடந்தது. வண்டல் எடுக்கத்தான் அனுமதி. கரம்பை என்கிற அந்த வண்டல் தீர்ந்ததும் வேலை நின்றிருக்க வேண்டும். ராத்திரியில் வந்த சில லாரிகள் அதற்கடியில் இருந்த களியையும் சரளையும் அள்ளின. யார் லாரி, யார் அனுப்பியது என்று இங்கே பேசப்போவதில்லை. புகார் மனு நிலுவையில் இருக்கிறது. களிப்படுகையைக் கிழித்தால் தண்ணீர் அடியில் இறங்கிவிடும் என்பது மண்வெட்டி பிடித்த எல்லோருக்கும் தெரியும். வடமேற்கு மூலையில் மாசி பிறந்ததும் தண்ணீர் சடக்கென்று வற்றியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சீமை உடை பற்றி ஒரு வார்த்தை. அது வெளிநாட்டிலிருந்து வந்தது, தண்ணீரை உறிஞ்சுகிறது, வேறு எதையும் வளர விடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2017இல் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டபோது நம் ஊரில் எத்தனை அரிவாள் கிளம்பியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து அடுத்த மழைக்கு எல்லாம் துளிர்த்தது. ஆடு காயைத் தின்று புழுக்கையில் விதையை ஊர் முழுக்க நட்டது. பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் நாட்டு மரம் இல்லாத இடத்தில் கொக்கும் நாரையும் அந்தச் சீமை உடையில்தான் கூடு கட்டுகின்றன. மாற்று மரம் வளர்கிறவரை ஒரு பகுதியை விட்டுவைத்து, வருஷத்துக்கு ஒரு துண்டாகப் பிடுங்குவதுதான் சரி என்பது இப்போது நம் சங்கத்தின் நிலைப்பாடு. மேற்குப் பக்கம் மிஞ்சியிருக்கிற சீமை உடையை இந்த வருஷம் யாரும் தொட வேண்டாம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் கேட்டு வருகிறவர்கள் என்னிடம் கோபப்படலாம். பரவாயில்லை.

இனி மற்ற வேலைகள்.

மாசியில் வேன் பிடித்துக் கூந்தன்குளம் போய் வந்தோம். பதினெட்டு பேர். நாங்குநேரி வட்டத்தில் இருக்கிற அந்தக் குளம் 1994இல் சரணாலயமானது; இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. சட்டம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த ஊர் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. குளத்துக் கருவேலில் இடம் தீர்ந்தால் நாரைகள் தெருவுக்குள் வந்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டும். ஒரு வீட்டு முற்றத்தில் வேப்பமரம் முழுக்கக் கூடு. அந்த வீட்டு மைனி துணிக் கொடியை மரத்தடியிலிருந்து தள்ளிக் கட்டி, தண்ணீர்க் குடத்துக்கு மேல் சாக்கு விரித்து வைத்திருந்தார். சாக்கு வெள்ளை வெள்ளையாக இருந்தது. “நாத்தம் அடிக்கலையா மைனி?” என்று நம் பொருளாளர் கேட்டார். “மொத பத்து நாள் அடிக்கும். பொறவு தெரியாது” என்றார். அவ்வளவுதான் பதில். அந்த ஊர் விவசாயிகள் பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பதையும் பார்த்தோம். நம் ஊர் மேலப்பத்து விவசாயி ஒருவர், இந்த வருஷம் வயல் ஒரு மூடை யூரியா கூடுதலாகக் கேட்டது என்று திரும்பி வரும்போது வேனில் சொன்னார். அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் சொன்ன பிறகு வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வரும் வழியில் திருப்புடைமருதூரிலும் இறங்கினோம். கடனாநதி தாமிரபரணியில் வந்து கலக்கிற இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கிற மருத மரங்களில் கொக்கும் வக்காவும் நிறைந்திருந்தன. மூன்று ஹெக்டேர்கூட இல்லாத அந்தத் துண்டு நிலம் 2005இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. ஒரு கோயில், கொஞ்சம் மருதம், விவரம் தெரிந்த ஒரு ஊர் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் அத்தாட்சி கிடையாது. நாம் அறுபது வருஷமாக அந்தக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், அண்ணாந்து பார்த்ததில்லை.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002ஆம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்த ஊரில் என்ன செடி, என்ன மீன், என்ன நெல், யாருக்கு என்ன வைத்தியம் தெரியும் என்று ஊர் மக்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். நம் ஊர்ப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டோம். அலமாரிச் சாவி கிடைக்க எட்டு நாள் ஆனது. நல்ல வழவழப்பான தாளில், கலர் படத்தோடு இருந்தது. திறந்தால், நம் ஊரில் வரையாடும் சிங்கவால் குரங்கும் இருப்பதாக எழுதியிருக்கிறது! களக்காட்டு மலை உச்சியில் இருக்கிற வரையாடு பஸ் பிடித்து நம் பெரியகுளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தால்தான் உண்டு. அயிரை இல்லை. குரவை இல்லை. வக்கா இல்லை. ஒரு பக்கத்தில் வேறொரு ஊரின் பெயர் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. எங்கே பார்த்து எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள அது உதவியது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அதை விட எனக்கு மனசில்லை. நாளைக்குக் குளத்துக்கு ஒரு கேடு என்று நாம் கோர்ட்டுக்குப் போனால் எதிர்த் தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். அதனால் நாமே எழுத ஆரம்பித்திருக்கிறோம். நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் மதியம் புளியமரத்தடியில் உட்காருகிறபோது நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டோடு போய் உட்காருகிறார்கள். முதல் நாளே கீரை மட்டும் ஒன்றரைப் பக்கம் வந்தது. பொன்னாங்கண்ணி, சாரணை, மூக்கிரட்டை, பண்ணை, தொய்யல், ஆரை. ஆரையைப் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. நாலு இலை சேர்ந்து குடை மாதிரி நிற்கும், வரப்போரம் சேற்றில் படரும் என்று மேலத்தெரு ஆச்சி விரலை விரித்துக் காட்டினார். “வாங்க, காட்டுதேன்” என்று எழுந்து போனார். நாலு வரப்பு நடந்தார். ஐந்தாவது வரப்பில் நின்று, “களைக்கொல்லி அடிச்ச பொறவு எங்கன இருக்கும்?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து, கோயில் தெப்பக்குளத்துப் படியிடுக்கில் முளைத்திருந்த ஒரு கொத்தை அவரே பறித்துவந்து காட்டினார். அதை நோட்டில் ஒட்டியிருக்கிறோம். காய்ந்த பிறகும் நாலு இலையும் தெரிகிறது.

நெல் பக்கம் மெலிந்துதான் இருக்கிறது. ஆனைக்கொம்பன், கொட்டாரச் சம்பா என்று பெயர் சொல்ல ஆள் இருக்கிறது. விதை வைத்திருக்க ஆள் இல்லை. 1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16தான் வயல் முழுக்க. நல்ல குண்டு அரிசி, நல்ல விளைச்சல், நான் குறை சொல்லவில்லை. என் வயலிலும் அதுதான். ஆனால் பார்க்கிற வயலிலெல்லாம் ஒரே ரகம் நின்றால் ஒரே நோயில் எல்லாம் போகும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். பழைய ரகம் ஏதாவது ஒன்றைப் பத்து சென்டிலாவது போட முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். போன வருஷமும் இதையே கேட்டேன். ஒருவர் பெயர் கொடுத்தார். விதை கொண்டுவந்த அன்றைக்கு அவர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்.

மீன்பாசிக் குத்தகை. இது ஒவ்வொரு வருஷமும் நமக்குத் தலைவலி. குத்தகைக்காரர் கூழைக்கடாவை விரட்ட வெடி போடுவார். நாம் சண்டைக்குப் போவோம். இந்த வருஷம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினோம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குத்தகைப் பணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். பொடிக்குஞ்சாக விடுகிற கட்லாவும் ரோகுவும் பறவை வாய்க்குப் போனால் அவர் எங்கே போவார்? கடைசியில், குஞ்சை ஒரு மூலையில் வலை போட்டு வளர்த்து விரலளவு ஆன பிறகு குளத்தில் விடுவது, வெடி போடுவதில்லை, கடைசிச் சேறுவரை மோட்டார் வைத்து இறைத்து அள்ளுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் கடைசிச் சேற்றில்தான் விராலும் உளுவையும் அயிரையும் அடுத்த மழைவரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதையும் அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் குளத்தில் நாம் வாங்கி விட்ட மீன் மட்டும்தான் இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி பற்றியும் பேசினோம். 2000லிருந்தே நாட்டில் தடை செய்த மீன் அது. தன்னைவிடச் சின்னதாக எது இருந்தாலும் தின்னும். தான் விடவில்லை, வெள்ளத்தில் எங்கிருந்தோ வந்தது என்றார். வெள்ளத்தில் வந்திருக்கவும் கூடும். வலையில் பட்டால் திரும்பத் தண்ணீரில் விடுவதில்லை என்பது மட்டும் முடிவானது.

ஆற்றைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக்கென்றே உரிய கெண்டை ஒன்று உண்டு. உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் இல்லாதது. ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கியது. இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிற பட்டியலில் சேர்ந்துவிட்டது. நம் குளத்துக்கு வருகிற தண்ணீர் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவருகிற பழக்கம் நம் ஊர்க்காரர்களிடமும் இருக்கிறது. தை அமாவாசைக்குப் பிறகு நம் உறுப்பினர் ஆறு பேர் அங்கே போய் மற்ற தன்னார்வலர்களோடு துணி அள்ளினார்கள். ஈரத்துணி ஒரு மூடையை ரெண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. மலை நம் சங்கத்து எல்லைக்குள் வராது. 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறையைப் பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் கொண்டுபோன பாலித்தீனைத் திரும்பக் கொண்டுவந்தால் நம் பங்கு முடிந்தது.

பிணந்தின்னிக் கழுகு பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடத்தினோம். கூட்டத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், சின்ன வயசில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டால் பொழுது சாய்வதற்குள் எலும்பாகிவிடும் என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். 1990களிலிருந்து இந்தியாவில் இந்தக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை என்று 2015இல் அதையும் 3 மில்லி குப்பியாகக் குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரொஃபெனையும் அசெக்ளோஃபினாக்கையும் சேர்த்துத் தடுத்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது இந்தக் கழுகைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பக்கம் போக வேண்டும். நம் ஊரில் செத்த மாடு இன்று நாய்க்குத்தான். அந்த நாய்க்கூட்டம்தான் கரையில் மயில்குஞ்சையும் ஆட்டுக்குட்டியையும் பிடிக்கிறது. மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம் “மெலாக்சிகாம் போடுங்க” என்று கேளுங்கள். கழுகுக்குக் கேடில்லாத மருந்து அது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மயிலைப் பற்றி விவசாயிகளுக்கும் சங்கத்துக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. விதைத்த உளுந்தைக் கொத்தித் தின்கிறது, நஷ்டம் உங்களுடையது, என்னிடம் மருந்து இல்லை. விஷம் கலந்த தானியம் மட்டும் வேண்டாம். அது 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜெயில், அதோடு மயில் மட்டும் சாகாது. புறா, கீரி, காக்கை என்று வரிசையாகப் போகும்.

டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிய செய்தியைப் படித்திருப்பீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு, கழிவு வந்த வழியே லாரியில் திரும்பிப் போனது. அதன்பிறகு இரண்டு மாசம் நம் இளைஞர்கள் முறை வைத்துக் குளத்துப் பின்புறப் பாதையில் ராத்திரிக் காவல் இருந்தார்கள். ஒரு லாரியும் வரவில்லை. நிறையக் கடலை செலவானது.

கரையில் பேவர் பிளாக் போட்டு, நடைபாதை அமைத்து, உயர்கோபுர விளக்கு வைத்துத் தருவதாக ஒரு நன்கொடையாளர் முன்வந்தார். நல்ல மனசு. குழுவில் நீண்ட வாக்குவாதம். வேண்டாம் என்று முடிவானது, ஏழுக்கு ஐந்து. ராத்திரி வெளிச்சத்தில் மின்மினி ஜோடி சேராது என்று நான் பேசினேன். பொம்பளைகள் சாயங்காலம் நடக்க ஒரு இடம் வேண்டாமா என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை. பள்ளிக்கூட மைதானத்துக்கு அந்த விளக்கைத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம்.

வரவு செலவு. ஆரம்ப இருப்பு 6,240 ரூபாய். சந்தா 114 பேர், ஆளுக்கு 100 வீதம் 11,400. நன்கொடை 28,000. ஆக 45,640. செலவில் ஜேசிபி பதினாறு மணி நேரத்துக்கு 19,200. நாற்று, வேலி முள், தண்ணீர் வண்டி 9,350. வேன் வாடகை 4,500. நோட்டீஸ், டீ, படம் எடுத்த வகையில் 3,870. ஆக 36,920. கையிருப்பு 8,720. இந்த வருஷத்துப் பெரிய செலவு எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் வருஷத்துக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெட்டிக் குவித்த மண்ணில் மீதி, குளத்துக்குள்ளேயே தெற்கே மேடாகக் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுபோக வேண்டாம். மூன்று திட்டாகப் பரப்பி, ஓரங்களைச் சரித்துவிட வேண்டும். கிழக்குக்கரையின் செங்குத்தையும் நூறு அடி நீளத்துக்காவது சரிவாக உடைக்க வேண்டும். திட்டில் நாட்டுக்கருவேல், ஓரத்தில் நீர்மருதும் புன்னையும். வரிசையாக நட வேண்டாம், போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கருவேல் கூடு தாங்க ஏழெட்டு வருஷமாவது ஆகும். அதுவரை வருகிற பறவைக்கு மேற்கே இருக்கிற சீமை உடைதான் வீடு. நீர்வளத்துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். எங்கே சரிக்க வேண்டும், எவ்வளவு சரிக்க வேண்டும் என்பதைத் தாத்தா வந்து கம்பு ஊன்றிக் காட்டியிருக்கிறார். மொத்தம் பதினொரு கம்பு. நாலை ஆடு தள்ளிவிட்டது, மறுபடி ஊன்றியாயிற்று. மாடு மேய்க்கிறவர்கள் தயவுசெய்து விறகுக்கு எடுக்காதீர்கள்.

தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011 முதல் நடந்துவருகிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நம் குளத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பொங்கலை ஒட்டி நடக்கும். காலை ஐந்தரைக்குக் கரைக்கு வந்துவிட வேண்டும். எண்ணத் தெரியாது என்று யாரும் வீட்டில் இருக்க வேண்டாம். நெல் மூடை எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கொக்கு எண்ணத் தெரியும். சங்கத்திடம் பைனாகுலர் இரண்டு. ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. இன்னொன்றைக் கோயில் கொடைக்கு வாணவேடிக்கை பார்க்க வாங்கிப் போனவர், யாரென்று இந்தக் கூட்டத்துக்கே தெரியும், நாளைக் காலைக்குள் என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்